ஸ்கிரிப்ட்டில் மேற்கோள் குறியும் வெளியீட்டுத் திருப்பமும்

கோப்புப் பெயரில் இடைவெளி இருந்தால் ஸ்கிரிப்ட் தடுமாறுகிறது என்றும், வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பிய பிறகும் பிழைச் செய்திகள் திரையிலேயே வருகின்றன என்றும் கேட்டிருக்கிறீர்கள். கட்டளை ஓடத் தொடங்கும் முன்பே ஷெல் (கட்டளை வரிகளைப் படித்து இயக்கும் நிரல்) அந்த வரியைப் பிரித்து முடித்துவிடுகிறது என்பதை மனத்தில் கொண்டால் இரண்டும் விளங்கும்.

$1 என்பது ஸ்கிரிப்ட்டுக்குக் கொடுத்த முதல் உள்ளீடு. அதை வெறுமனே எழுதும்போது, அதன் மதிப்பு 'மாத அறிக்கை' என்றிருந்தால், ஷெல் அதை இடைவெளியில் வெட்டி இரண்டு சொற்களாகக் கட்டளையிடம் கொடுக்கும். "$1" என இரட்டை மேற்கோளுக்குள் இட்டால் அது ஒரே சொல்லாகப் போய்ச் சேரும்; ஒற்றை மேற்கோளுக்குள் இட்டாலோ மதிப்பே வராது, $1 என்ற எழுத்துகளே போகும்.

பிழைச் செய்திகளின் சிக்கல் திருப்பங்களை எழுதிய வரிசையில் இருக்கிறது. இங்கே 1 என்பது வழக்கமான வெளியீடு, 2 என்பது பிழை வெளியீடு, > என்பது திருப்பும் குறி, 'பதிவு' என்பது கோப்பின் பெயர். நீங்கள் எழுதியிருப்பது 2>&1 >பதிவு. ஷெல் திருப்பங்களை இடமிருந்து வலமாகச் செயல்படுத்துகிறது; 2>&1 என்பது 2-ஐ 1-உடன் நிரந்தரமாகப் பிணைப்பதில்லை, அந்த நொடியில் 1 எங்கே போகிறதோ அந்த இடத்தை மட்டும் நகலெடுக்கிறது. அப்போது 1 திரையை நோக்கியிருப்பதால் பிழைகளும் அங்கேயே நின்றுவிட, அதன் பிறகு 1 மட்டும் கோப்புக்குப் போகிறது. ஆகவே >பதிவு 2>&1 என்று மாற்றுங்கள்.

பைத்தான் மொழியில் எழுதிய நிரலிலிருந்து கட்டளையைப் பட்டியலாகக் கொடுத்து இயக்கினால் இடையில் ஷெல்லே இல்லை. > குறியும் சாதாரண உள்ளீடாகவே போய்விடும். அங்கே கோப்பை நீங்களே திறந்து வெளியீட்டுக்கு ஒப்படைப்பதுதான் சரி. பயனர் தந்த பெயரைச் சரமாக ஒட்டி ஷெல்லிடம் கொடுப்பதைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள், அந்தப் பெயருக்குள் ஓர் அரைப்புள்ளி (;) இருந்தாலே வேறொரு கட்டளை ஓடிவிடும்.