கடற்கரை வீட்டின் வருமானத்தைச் சனிக்கிழமைகளில் எண்ணுங்கள்

தம்பி, நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. மாமல்லபுரத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவே ஈசிஆரில், அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலையில், இரண்டு படுக்கையறை வீடு ஒன்று ஒரு கோடி ரூபாய்க்கு வருகிறது; 60 லட்சம் கடன் வாங்கி அதை விடுமுறை வீடாக விட்டால் மாதம் இரண்டு லட்சம் வரும் என்று இங்கே சிங்கப்பூரில் நடந்த வீட்டுக் கண்காட்சியில் சொன்னார்கள், நம்பலாமா என்பது ஒன்று. அதுவரை இங்கேயே ஈஸ்ட் கோஸ்ட் பக்கம் ஒரு கொண்டோவை, அதாவது தனியார் அடுக்குமாடி வீட்டை, வாடகைக்கு எடுத்து, சுற்றுலா வருகிறவர்களுக்கு நாள் கணக்கில் விடலாம் என்று அறை நண்பர் சொல்கிறாரே, சரியா என்பது இன்னொன்று.

இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். வேண்டவே வேண்டாம். சிங்கப்பூரில் தனியார் வீட்டை மூன்று மாதத்துக்குக் குறைவாக யாருக்கும் விடக்கூடாது. அரசு கட்டிய வீவக வீடு என்றால் ஆறு மாதம். அபராதம் இரண்டு லட்சம் சிங்கப்பூர் வெள்ளி வரை போகலாம். 2018-இல் கொண்டோ வீடுகளை இப்படிக் குறுகிய காலத்துக்கு விட்ட இரண்டு பேருக்குத் தலா 60,000 வெள்ளி அபராதம் விதித்தது நீதிமன்றம். வேலை அனுமதியில் இருக்கிற நீங்கள் அந்தப் பக்கம் போகவே கூடாது.

சரி, ஈசிஆர் வீட்டுக்கு வருவோம். எங்கள் குடும்ப வீடு ஒன்று புதுச்சேரிக்கு வடக்கே கடலை ஒட்டி இருக்கிறது. அதன் வரவு செலவை இங்கிருந்து நான்தான் பார்க்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

உங்களிடம் சொன்ன கணக்கு, ஓர் இரவுக்கு 8,000, மாதம் 25 இரவு, ஆக இரண்டு லட்சம். இதில் 8,000 பெரிய பிரச்சினை இல்லை. அந்த 25-தான் பிரச்சினை. ஈசிஆருக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் சென்னைக்காரர்கள், பெங்களூருக்காரர்கள். வெள்ளி மாலை கிளம்புவார்கள், ஞாயிறு மதியம் திரும்புவார்கள். ஓர் ஆண்டுக்கு வெள்ளி, சனி இரவுகள் மொத்தமே 104. பொங்கல், தீபாவளி, ஏப்ரல் மே பள்ளி விடுமுறை, டிசம்பர் கடைசி வாரம் இவற்றில் வார நாளும் நிரம்பும். ஜூலை மாதச் செவ்வாய்க்கிழமைக்கு யார் வருவார்கள்?

மழையையும் சேர்க்க வேண்டும். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது, அன்று சனிக்கிழமை. அதற்கு முன் 2011-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே அடித்தது டிசம்பர் 30 அன்று. புத்தாண்டு இரவுதான் அந்தக் கரையில் ஆண்டிலேயே அதிக வாடகை வருகிற இரவு. அது போனால் திரும்பி வராது.

ஆகவே நான் போடுகிற கணக்கு இப்படி இருக்கும். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் வீட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். 104 வார இறுதி இரவுகளில் 70 நிரம்புகிறது, இரவுக்கு 9,000 என்றால் 6,30,000. வார நாள்களில் 40 இரவு, 5,000 வீதம் 2,00,000. மொத்தம் 8,30,000. இதிலிருந்து முன்பதிவுத் தளத்துக்கு 15 விழுக்காடு, 1,24,500. நீங்கள் சிங்கப்பூரில் இருப்பதால் அங்கே பார்த்துக்கொள்ளும் ஆளோ நிறுவனமோ வேண்டும்; அதற்கு 20 விழுக்காடு என்றால் 1,66,000. காவல், தோட்டம் பார்க்க மாதம் 8,000 வீதம் 96,000. ஒவ்வொரு குடும்பமும் இரண்டு இரவு தங்கினால் 55 முறை வீட்டைச் சுத்தம் செய்து விரிப்பு, துண்டு எல்லாம் துவைக்க வேண்டும், முறைக்கு 1,200 என்றால் 66,000. மின்சாரம், தண்ணீர், இணையம் 60,000. பழுது பார்க்க 75,000. எல்லாம் போக மிஞ்சுவது 2,42,500. மாதத்துக்கு 20,000 ரூபாய். அதுவும் வரிக்கு முன்னால்.

60 லட்சம் கடனுக்கு 8.5 விழுக்காடு வட்டியில், 20 ஆண்டுக்கு, மாதத் தவணை 52,000 ரூபாய் வரும். மீதி 32,000 உங்கள் சம்பளத்திலிருந்து போகும், மாதா மாதம் ஐந்நூறு வெள்ளிக்குக் கிட்ட. அதைத் தாங்க முடியுமா என்பதைத்தான் நீங்கள் முதலில் பார்க்க வேண்டும்.

பழுதுக்கு 75,000 அதிகம் என்று தோன்றலாம். கடல் உப்பை அருகில் இருந்து பார்த்தவர்களுக்குத் தோன்றாது. ஏசியின் வெளிப்புற யூனிட் கடலிலிருந்து தள்ளிய ஊரில் ஓடுகிற காலத்தில் பாதிகூட அங்கே ஓடாமல் போகலாம். ஜன்னல் கம்பி, கதவுக் கீல், தண்ணீர் மோட்டார், இன்வெர்ட்டர் போர்டு எல்லாவற்றையும் துரு தின்னும். ஸ்டீல் வாங்கினால் 316 தரம் கேட்டு வாங்குங்கள், சாதாரண 304 கடற்கரையில் சீக்கிரம் புள்ளி விழும். நீச்சல் குளம் இருந்தால் வாடகை கூடும், செலவும் அதோடு கூடும்.

இரவு பதினொன்றுக்கு அங்கே ஒருவருக்கு வெந்நீர் வரவில்லை என்றால் உங்கள் கைப்பேசி அடிக்கும்போது இங்கே மணி ஒன்றரை. அதனால்தான் அந்த 20 விழுக்காட்டை மிச்சம் பிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள் என்கிறேன். வெளிநாட்டு விருந்தினர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை அரசிடம் பதிய வேண்டும், அதையும் அந்த ஆள்தான் செய்வார்.

எத்தனை இரவு நிரம்பும் என்பதை ஊகிக்காமல் அறிய வழி இருக்கிறது. அதே பகுதியில், அதே அளவில் பத்து வீடுகளை ஏர்பிஎன்பி முன்பதிவுத் தளத்தில் குறித்துக்கொண்டு வாரா வாரம் நாள்காட்டியைப் பாருங்கள். மூடியிருக்கிற நாள் எல்லாம் விற்ற நாள் இல்லை, உரிமையாளரே தனக்காக மூடி வைத்திருக்கலாம். ஆகவே மாதம் எத்தனை விமர்சனம் சேர்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இப்படிப்பட்ட வாடகைகளின் புள்ளிவிவரம் திரட்டுகிற ஏர்டிஎன்ஏ போன்ற தளங்கள் சராசரி தரும். கடலைப் பார்த்த நாலு பெரிய பங்களாக்கள் அந்தச் சராசரியைத் தூக்கிவிடும், உங்கள் வீடோ சாலைக்கு மேற்கே இருக்கும்.

இதைவிட நல்ல வழி, விற்கிறவர் ஏற்கெனவே வாடகைக்கு விட்டிருந்தால் கடைசி இரண்டு ஆண்டுக்குத் தளத்திலிருந்து அவருக்கு வந்த தொகைப் பட்டியலையும் வங்கிக் கணக்கையும் கேளுங்கள். தர மறுத்தால் அதுவே பதில். "மூன்று ஆண்டு உறுதியான வருமானம்" என்று கட்டுமான நிறுவனம் சொன்னால், அந்தத் தொகை பெரும்பாலும் வீட்டு விலையிலேயே ஏற்றப்பட்டிருக்கும். உங்கள் பணத்தையே உங்களுக்குத் தவணையாகத் தருவார்கள்.

பத்திரத்துக்கு முன் இடத்தையும் பார்க்க வேண்டும். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம். அதற்குள் கட்டிய வீட்டுக்கு முறையான அனுமதி உண்டா என்று வழக்கறிஞரை வைத்துப் பாருங்கள். மாமல்லபுரம் நினைவுச்சின்னங்களுக்குப் பக்கம் என்றால் தொல்லியல் துறை விதிப்படி முதல் 100 மீட்டரில் புதிதாகக் கட்டத் தடை, அடுத்த 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு. என்ஆர்ஐ, அதாவது உங்களைப் போல வெளிநாட்டில் வாழும் இந்தியர், விவசாய நிலமோ பண்ணை வீடோ வாங்க முடியாது, ஆகவே "ஃபார்ம் ஹவுஸ்" என்று விளம்பரம் வந்தால் நிலத்தின் வகையைப் பாருங்கள். அடுக்குமாடி என்றால் சங்கம் குறுகிய வாடகையை அனுமதிக்கிறதா என்றும்.

வரி இந்தியாவில் கட்ட வேண்டும், அங்கே ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் செய்யுங்கள். வெளிநாட்டிலிருந்து தனிநபருக்கு வரும் இந்த வாடகைக்குச் சிங்கப்பூரில் வரி இல்லை. ஆனால் ரூபாயை மறக்காதீர்கள். 2015 வாக்கில் ஒரு வெள்ளிக்கு 47 ரூபாய் அளவில் இருந்தது, இப்போது 65-ஐத் தாண்டிவிட்டது. ரூபாயில் வருகிற வாடகையை வைத்து இங்கே எதையும் திட்டமிட வேண்டாம்.

அப்பா அம்மா இருக்க, பின்னாளில் நீங்கள் போய் இருக்க ஒரு வீடு என்று வாங்கினால் நான் தடுக்க மாட்டேன்; வருகிற வாடகை பராமரிப்பைப் பார்த்துக்கொள்ளும். சம்பளத்துக்கு மாற்றாக வாங்குகிறீர்கள் என்றால் இந்த விலைக்கு வேண்டாம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு செவ்வாய், புதன் அங்கே தங்கி, பக்கத்து வீடுகளில் எத்தனை விளக்கு எரிகிறது என்று பாருங்கள். விற்கிறவர் பட்டியல் தந்தால் எனக்கு அனுப்புங்கள், ஒரு ஞாயிறு தேக்கா பக்கம் வாருங்கள், உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்துவிடலாம்.