பிளர் குழுவின் ‘தி பேலட் ஆஃப் டேரன்’: கேட்டவையும் பதில்களும்

பிளர் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இந்த ஆல்பத்திலிருந்து ஆரம்பிக்கலாமா?

தாராளமாக. 1988-இல் லண்டனில் தொடங்கிய நால்வர் குழு. டேமன் ஆல்பர்ன் பாட்டு, கிரஹாம் காக்ஸன் கிதார், அலெக்ஸ் ஜேம்ஸ் பேஸ், டேவ் ரவுன்ட்ரீ டிரம்ஸ். 2015-இல் ‘தி மேஜிக் விப்’ வந்தபின் எட்டு வருடம் ஆல்பமே இல்லை. 2023 ஜூலை 21 அன்று இது வந்தது. பத்துப் பாட்டு, மொத்தம் 36 நிமிடம். பிரிவின் வலிதான் முழுக்க. ஒரே வேண்டுகோள்: ஷஃபிளில் போடாதீர்கள்.

யார் இந்த டேரன்?

டேரன் எவன்ஸ். டேமனுக்கு நெடுநாள் மெய்க்காப்பாளராக இருந்தவர். ‘ஸ்மாகி’ என்றுதான் கூப்பிடுவார்கள். 2003-இல் டேமன் ஹோட்டல் அறைகளில் பாடிப் பதிந்த டெமோக்களை, அதாவது முதல் மாதிரிப் பதிவுகளை, ‘டெமோகிரேஸி’ என்ற பெயரில் வெளியிட்டார். அதில் ஒன்று ‘ஹாஃப் எ சாங்’. பெயருக்கேற்ற மாதிரி பாதிப் பாட்டுதான். அதை முடித்துவிடு, முடித்துவிடு என்று ஸ்மாகி வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தார். அது முழுசாகி இந்த ஆல்பத்தின் முதல் பாட்டாக, ‘தி பேலட்’ ஆக வந்திருக்கிறது. முப்பத்தைந்து வயதில் பாதியில் விட்ட மெட்டை ஐம்பத்தைந்தில் ஒருவர் எடுத்து முடிக்கிறார். அந்தக் குரலில் இருக்கும் தளர்ச்சியைக் கேட்டுப் பாருங்கள், அது நடிப்பில் வராது.

பிளரின் பழைய ‘சாங் 2’ பாட்டு மாதிரி துள்ளலாக ஏதாவது இருக்கிறதா அண்ணா?

இல்லை தம்பி. ‘செயின்ட் சார்லஸ் ஸ்கொயர்’ ஒன்றுதான் கொஞ்சம் முரட்டுப் பாட்டு.

எல்லாப் பாட்டும் டேமன் தனியாக எழுதியதாமே. அப்படியானால் இது அவருடைய தனி ஆல்பம்தானே? பிளர் என்று பெயர் ஒட்டி விற்கிறார்கள்.

இதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. டெமோக்கள் டேமனுடையவை, சரி. 2022-இல் தன் இன்னொரு குழுவான கொரில்லாஸோடு சுற்றுப்பயணத்தில் இருந்தபோது எழுதியவை. ஆனால் 2023 தொடக்கத்தில் நால்வரும் தயாரிப்பாளர் ஜேம்ஸ் ஃபோர்டும் ஒன்றாக உட்கார்ந்த பிறகுதான் அவை இந்த உருவத்துக்கு வந்தன.

‘பார்பரிக்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருபோதும் போகாது என்று நம்பிய உணர்வு போய்விட்டதே என்று டேமன் பாடுகிறார். அதே நேரத்தில் கிரஹாமின் கிதார் காலை வெயில் மாதிரி பளிச்சென்று ஓடுகிறது. அழுகிறவன் பக்கத்தில் உட்கார்ந்து அவனோடு சேர்ந்து அழாமல், “எழுந்து வா, வெளியே போகலாம்” என்று கூப்பிடுகிற சிநேகிதனின் வாசிப்பு அது. கோல்செஸ்டரில் பள்ளி நாட்களிலிருந்து கூட இருப்பவர், 2002-இல் கசப்போடு பிரிந்துபோய் மறுபடி திரும்பி வந்தவர். வேறு யாராலும் அப்படி வாசிக்க முடியாது.

மறுக்கிறேன். நல்ல கிதார் கலைஞர் யார் வந்தாலும் அதை வாசிப்பார். டேமனை எடுத்துவிட்டால் ஆல்பம் இல்லை. மற்றவர்களை எடுத்தாலும் ஆல்பம் இருக்கும்.

சரி, ‘தி நார்சிசிஸ்ட்’ போடுங்கள். டேமன் ஒரு வரி பாடுகிறார், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு கிரஹாம் பின்னாலிருந்து திருப்பிச் சொல்கிறார். கண்ணாடியைப் பார்ப்பதைப் பற்றிய பாட்டில் அந்தக் குரல்தான் பிம்பம். அதை அழித்துவிட்டால் ஒரு மனிதர் தனக்குத்தானே புலம்புவது மட்டும் மிஞ்சும். டேவின் டிரம்ஸும் அப்படித்தான்: அடக்கமாகத் தொடங்கி, நாம் கவனிக்காமலேயே பாட்டைத் தூக்கிக்கொண்டு போகிறது. எழுதியவர் யார் என்பது ஒரு கேள்வி, யாரோடு சேர்ந்து அதைத் தாங்கினார் என்பது வேறு கேள்வி. எனக்கு இரண்டாவதுதான் பெரிது.

1999-இல் வந்த ‘13’-உம் காதல் முறிவு ஆல்பம்தானே? எது மேல்?

ஆமாம், அது எலாஸ்டிகா குழுவின் பாடகி ஜஸ்டின் ஃபிரிஷ்மனோடு டேமன் பிரிந்த காலத்து ஆல்பம். அதில் ‘டெண்டர்’ பாட்டில் ஒரு சர்ச் பாடகர் குழுவே சேர்ந்து தேற்றும். இதில் தேற்றுவதற்குக் குழுவின் ஆட்கள் மட்டும்தான். அதனாலேயே எனக்கு இது மேல்.

‘சாங் 2’ போல வேகமான பாட்டு எது?

மேலே சொல்லியாகிவிட்டது. கேட்பதற்கு முன் ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள்.

இந்த முறை டேமன் பிரிந்தது யாரை?

கிசுகிசுவுக்கு வேறு இடம் பாருங்கள்.

ஒயாசிஸ் பெரிதா, பிளர் பெரிதா?

இந்த இரண்டு பிரிட்டிஷ் குழுக்களின் 1995 சண்டை அந்த வருடத்தோடு முடிந்தது. அடுத்து.

அட்டைப்படத்தில் இருப்பது ஓவியமா?

நிஜப் படம். ஸ்காட்லாந்தில் கூராக் ஊரின் திறந்தவெளி நீச்சல் குளம், புகைப்படக் கலைஞர் மார்ட்டின் பார் 2004-இல் எடுத்தது. குளத்தில் ஒரே ஒருவர் நீந்துகிறார், பின்னால் மழை வானம் கறுத்து நிற்கிறது. பாட்டைக் கேட்கும் முன் அட்டையை ஒரு நிமிடம் பாருங்கள்.

டீலக்ஸ் பதிப்பு வாங்கலாமா?

வாங்கலாம், இரண்டு பாட்டு கூடுதல். ஆனால் முதல் தடவை பத்தாவது பாட்டோடு நிறுத்திவிடுங்கள். மறுபடியும் சொல்கிறேன், ஷஃபிள் வேண்டாம்.

அந்தப் பத்தாவது பாட்டு ‘தி ஹைட்ஸ்’ கடைசியில் ஒரே இரைச்சலாகி, பட்டென்று நின்றுவிடுகிறது. என் கோப்பு பழுதா?

பழுது இல்லை. பாட்டே அப்படித்தான். இரைச்சல் ஏறிக்கொண்டே போய், உச்சத்தில் இருக்கும்போது வெட்டிவிடுகிறார்கள். ஹெட்போன் என்றால் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்துக் கேளுங்கள். முடிந்த கையோடு வேறு எதையும் போட்டுவிடாதீர்கள்.