மணல் தரையில் மலக்குழியை ஆழமாக வெட்டினால் நல்லதா?

மட்டக்களப்பில் ஆரையம்பதிப் பக்கம் 10 பேர்ச் வளவில் வீடு கட்டுகிறீர்கள், குழியை 12 அடிக்கு இறக்கினால் நிரம்பவே நிரம்பாது என்று மேசன் சொல்கிறார், கேட்கலாமா என்கிறீர்கள். கேட்க வேண்டாம். நிரம்பாத குழிக்குத்தான் பயப்பட வேண்டும்.

களுவாஞ்சிகுடியில் எங்கட வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தது. அடியில் சீமெந்து கிடையாது, கொங்கிறீட் வளையங்களை இறக்கியதுதான். 20 வருடமாக ஒருதரமும் மலக்குழி இறைக்கிற கலி பவுசர் கூப்பிட்டதில்லை என்று அப்பா சந்தியில் நின்று பெருமையடிப்பார். ஒரு கார்த்திகை மழையில் மலசலகூடத்தில் ஊற்றிய தண்ணீர் இறங்க மறுத்தது. மூடியைக் கிளப்பிப் பார்த்தோம். குழிக்குள் நின்ற மட்டமும் கிணற்றுக்குள் நின்ற மட்டமும் ஒன்று, தரையிலிருந்து இரண்டு சாண் இருக்காது. அம்மா ஒன்றும் பேசவில்லை. வாளியைக் கிணற்றடியில் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனா.

கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிற எழுவான்கரை முழுக்க மணல். காய்ந்த மணலுக்குள் காற்று இருக்கும். கழிவுநீர் அதனூடாக மெதுவாக இறங்கும்போது கிருமிகள் ஒட்டிக்கொண்டு சாகும். உண்மையான சுத்திகரிப்பு அங்கேதான் நடக்கிறது. 12 அடிக்கு இறக்கினால் அந்தக் காய்ந்த மணலைத் தாண்டி நேராக நிலத்தடி நீருக்குள் விடுகிறீர்கள். காய்ச்சினால் கிருமி சாகும், ஆனால் கழிவிலிருந்து நீரில் கரைகிற நைத்திரேற்று என்ற உப்பு போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போனால் ஆறு மாதத்துக்குட்பட்ட கைக்குழந்தைக்கு ஆபத்து. குளோரினும் அதை ஒன்றும் செய்யாது.

அதனால் அடியும் பக்கமும் பூசிய இரண்டறைத் தொட்டி கட்டுங்கள், முதலறை மற்றதைப் போல் இரண்டு மடங்கு. அதிலிருந்து வரும் தண்ணீர் தெளிவாகத் தெரிந்தாலும் சுத்தமில்லை. அதை ஆழக் குழிக்குள் விடாமல், மணலைக் கொட்டி மேடாக்கி, மேலாக ஓடும் துளைக் குழாயில் பரவ விடுங்கள். மாரியில் நீர் ஏறும் மட்டத்துக்கு மேலே மூன்று நாலு அடியாவது காய்ந்த மணல் கிடைக்க வேண்டும். கிணற்றடியில் குளிக்கிற தண்ணீரைத் தொட்டிக்குள் சேர்க்காதீர்கள். கட்டுக்கு வெளியே ஒரு கான் வெட்டி வாழைக்கு விட்டால் போதும்.

குழிக்கும் கிணற்றுக்கும் நடுவில் 50 அடி தூரம் வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். 10 பேர்ச் வளவு சரிசதுரமாக இருந்தாலும் ஒரு பக்கம் 52 அடிதான்! உங்கட கிணற்றுக்கு அளந்துவிட்டு வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற கிணற்றை மறந்துவிடாதீர்கள். உன்னிச்சைக் குளத்துக் குழாய்த் தண்ணீர் வந்துவிட்டதே என்றும் இருக்க வேண்டாம். குழாய் வந்தால் ஊற்றுகிற தண்ணீரும் கூடும்.

நாற்பது வீடு சேர்ந்து கல்லும் பன்புல்லும் கல்வாழையும் வைத்த ஒரு வடிகட்டும் படுகை கட்டலாம்தான், மின்சாரமும் வேண்டாம். ஆனால் முன்னால் இருக்கிற தொட்டியின் மண்டியை யார் காசு கொடுத்து இறைப்பது என்பதை முதலில் பேசி முடியுங்கள்.

தொட்டி இறைப்பதை மாரிக்கு முன்னமே செய்யுங்கள். நிலத்தடி நீர் ஏறிய நேரத்தில் வெறுந்தொட்டி, அதிலும் பிளாஸ்டிக் தொட்டி, மிதந்து எழும்பிவிடும். எங்கட வீட்டுக்கு இப்போது ஆவணியில் பவுசர் வரும். அப்பா காசைக் கொடுத்துவிட்டு அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார்.