நோட்டில் எழுதிய பெயர்

அன்புள்ள ஐயா,

நான் ஒரு உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியை. பக்கத்துக் காவல் நிலையத்தோடு சேர்ந்து ஒரு திட்டம் தொடங்கப்போகிறோம். மாதம் இரண்டு முறை ஒரு காவலர் வந்து போதைப்பொருள், இணைய மோசடி, சாலைப் பாதுகாப்பு பற்றிப் பேசுவார். மாணவர் போலீஸ் படை அமைக்கும் யோசனையும் இருக்கிறது. பெற்றோரில் சிலர் எதிர்க்கிறார்கள். எனக்கு நல்லதாகத்தான் படுகிறது. பையன்களுக்கு ஒரு பயமாவது வருமே. இதை எப்படி நடத்தினால் பயன் இருக்கும்?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரி இரண்டு நாளாக என்னை விடவில்லை. 'பையன்களுக்கு ஒரு பயமாவது வருமே.' கொஞ்ச காலமாக என் மனதில் ஓடிக்கொண்டிருப்பதும் இதுதான்.

மற்றவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். மாணவர் படை கேரளத்தில் 2010 முதல் நடக்கிறது, நடத்துகிறவர்களைக் கேளுங்கள். சாலைப் பாதுகாப்பைத் தாராளமாகச் சொல்லித்தரட்டும். பெற்றோரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுங்கள்.

இப்போது பயத்துக்கு வருகிறேன். சாப்பிட அடம்பிடிக்கும் குழந்தையிடம் 'போலீஸ் வந்து பிடிச்சிட்டுப் போயிடும்' என்கிறோம். அதே குழந்தையை பதினான்கு வயதில் எவனோ ஒரு போட்டோவை வைத்து போனில் மிரட்டும்போது, அது நேராக போலீஸிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். எப்படிப் போகும்?

பயமுறுத்தித் திருத்துவதைச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1970களில் நியூஜெர்சியில், வழிதவறும் பையன்களைச் சிறைக்குள் கூட்டிப்போய் ஆயுள் கைதிகளை விட்டு மிரட்டினார்கள். இந்த மாதிரித் திட்டங்களைப் பிற்பாடு சோதித்தபோது, போகாத பையன்களைவிடப் போய்வந்த பையன்களே அதிகம் குற்றம் செய்திருந்தார்கள். 1983-ல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய 'டேர்' திட்டத்தில் சீருடைக் காவலர்களே வகுப்பெடுத்து, போதையின் கேடுகளைச் சொன்னார்கள். பல நாடுகளுக்குப் பரவியது. அதில் படித்தவர்களையும் படிக்காதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தால் போதைப் பழக்கத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. பாடத்தையே மாற்றி எழுத வேண்டியதாயிற்று.

இதையெல்லாம் படிப்பதற்கு வெகுகாலம் முன்பே எனக்கு இது தெரியும். நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது வகுப்பில் பணம் காணாமல் போனது. ஆசிரியர் தமக்குத் தெரிந்த ஒரு காவலரை வரவழைத்தார். 'சும்மா பயமுறுத்தத்தான்' என்று பிறகு சொன்னார்கள். அந்தக் காவலர் யாரையும் அடிக்கவில்லை, சத்தம்கூடப் போடவில்லை. ஆசிரியர் கைகாட்டிய பையனை எழுந்து நிற்கச் சொன்னார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, பேனா மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு, 'பேரு? அப்பா பேரு?' என்று கேட்டு எழுதினார். அவ்வளவுதான். போய்விட்டார்.

பணம் என்ன ஆயிற்றென்று கடைசிவரை தெரியவில்லை. அந்தப் பையன் மட்டும் பல நாள் எங்கள் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தான்: 'அந்த நோட்டுலேர்ந்து என் பேரை அடிச்சிருப்பாங்கல்ல?' அடுத்த வருஷம் அவன் பள்ளிக்கு வரவில்லை. அவன் எடுத்திருக்கவும் கூடும். எடுத்திருந்தாலும் அது அவனுக்கும் ஆசிரியருக்கும் நடுவே ஒரு மணி நேரத்தில் முடித்திருக்க வேண்டிய விஷயம்.

டீச்சர், கோபமாகவே சொல்கிறேன். வகுப்பை அடக்க முடியாத ஆசிரியருக்குக் கைத்தடியாக ஒரு காவலரை அழைக்காதீர்கள். லேட்டாக வருவது, எதிர்த்துப் பேசுவது, சுவரில் கிறுக்குவது, இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொள்வது எல்லாம் உங்கள் வேலை. தலைமையாசிரியரின் வேலை. வாசலில் காவலர் இருக்கிறாரே என்ற வசதி வந்துவிட்டால், நேற்றுவரை முட்டிபோட வைத்துத் தீர்த்ததுகூட இன்றைக்குப் புகாராகும். முட்டிபோட வைப்பதையும் நான் நல்லதென்று சொல்லவில்லை. ஆனால் புகார் என்பது காகிதம். காகிதம் பள்ளியோடு நிற்காது. டொராண்டோ பள்ளி வாரியம் 2017-ல் பள்ளிகளிலிருந்து காவலர்களை விலக்கிக்கொண்டது. அவர்கள் இருந்ததால் தங்களை யாரோ கண்காணிப்பதுபோல் இருந்ததாகப் பல மாணவர்கள் சொல்லியிருந்தார்கள். குழந்தை தவறு செய்தாலும் அதன் மானம் குறையாமல் நடத்த வேண்டும், முடிந்தவரை நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்க வேண்டும் என்று 1989-ன் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையே சொல்கிறது.

வர வேண்டாம் என்று சொல்லவில்லை. வரட்டும். ஒவ்வொரு முறையும் ஒரே ஆள் வரட்டும், துப்பாக்கி இல்லாமல் வரட்டும். பேசுவதைக் குறைத்து, பிள்ளைகள் பேர் போடாமல் எழுதிக் கொடுக்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லட்டும். புகார் கொடுத்தால் என்ன நடக்கும், வீட்டுக்குத் தெரியுமா, போனைப் பிடுங்கி வைத்துக்கொள்வார்களா? அவர்களுக்கு வேண்டியது இதுதான்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஆய்வாளரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: பள்ளிக்குள் ஒரு பிள்ளையின் பெயரை உங்கள் ஆள் எப்போது எழுதுவார், எதில் எழுதுவார், அதை யார் அடிப்பார்? அவர் சொல்லும் பதிலை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.