கணினி கேள்வி - பதில்: ஆளுக்கொரு நாட்சம்பளம் காட்டும் புரோகிராம்

கேள்வி: தோட்டக் காரியாலயத்தில் செக்ரோல் (தொழிலாளரின் வேலைநாள், சம்பளப் பதிவு) கணக்குக்காக ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். ஒரே விண்டோஸ் கணினியில் பெரிய கிளாக்கரும் இரண்டு உதவிக் கிளாக்கர்மாரும் தனித்தனிப் பயனர் கணக்கில் வேலை செய்கிறார்கள். அமைப்புகள் எல்லாம் புரோகிராம் இருக்கும் ஃபோல்டரிலேயே ஒரு பைலில் உள்ளன. ஒருவர் நாட்சம்பளத்தை மாற்றினால் மற்ற இருவருக்கும் பழைய தொகையே வருகிறது. ஏன்?
- வாசகர், ஹட்டன்

பதில்: உங்கள் ஃபோல்டர் 'புரோகிராம் ஃபைல்ஸ்' உள்ளே இருக்கிறது என்று ஊகிக்கிறேன். விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே சாதாரணப் பயனர் கணக்கால் அங்கே எழுத முடியாது. ஆனால் பழைய 32 பிட் புரோகிராம்கள் நின்றுவிடக் கூடாதென்று, எழுத வந்ததை விண்டோஸ் சத்தமில்லாமல் அந்தப் பயனரின் சொந்த ஃபோல்டருக்குத் திருப்பிவிடும். வாசிக்கும்போதும் அந்தப் பிரதிதான் கிடைக்கும். ஆகவே மூன்று பேரிடமும் மூன்று பைல்.

ஒவ்வொருவரின் பயனர் ஃபோல்டரிலும் 'ஆப்டேட்டா', 'லோக்கல்', 'விர்ச்சுவல்ஸ்டோர்' என்று உள்ளே போய்ப் பாருங்கள், அந்தப் பிரதிகள் அகப்படும். (ஆப்டேட்டா மறைந்திருக்கும், எக்ஸ்புளோரரில் மறைந்தவற்றைக் காட்டச் சொல்ல வேண்டும்.) 64 பிட் புரோகிராமுக்கு இந்தச் சலுகை இல்லை, எழுத அனுமதி இல்லையென்று நேராகவே பிழை வரும். அதுவே மேல். எல்லோருக்கும் அட்மின் உரிமை கொடுப்பதோ புரோகிராம் ஃபோல்டரைத் திறந்துவிடுவதோ வேண்டாம். புரோகிராமையே யாரும் மாற்றி வைக்கலாம்.

முதலில் எது யாருடையது என்று பிரியுங்கள். நாட்சம்பளம், ஊழியர் சேமலாப நிதியின் 8, 12 வீதங்கள், நம்பிக்கை நிதியின் 3 வீதம், டேட்டாபேஸ் இருக்கும் இடம் ஆகியவை தோட்டத்துக்குரியவை. பிரின்டர், எழுத்தின் அளவு, கடைசியாகத் திறந்த டிவிஷன் ஆகியவை ஆளுக்குரியவை. முதல் வகை, எல்லாப் பயனர்களுக்கும் பொதுவான 'புரோகிராம்டேட்டா'வில் உங்கள் பெயரிட்ட ஃபோல்டருக்குள். இரண்டாம் வகை அவரவர் ஆப்டேட்டாவில். பாதையை நீங்களே எழுதி வைக்காமல் விண்டோஸிடம் கேட்டு வாங்குங்கள். எல்லாக் கணினியிலும் அது சி டிரைவாக இருக்காது.

புரோகிராம்டேட்டாவில் பலரும் சறுக்கும் இடம் ஒன்றுண்டு. அங்கே எவரும் புதிய பைல் உண்டாக்கலாம். ஆனால் இன்னொருவர் உண்டாக்கியதை வாசிக்கத்தான் முடியும், திருத்த முடியாது. முதலில் திறந்தவர் உதவிக் கிளாக்கர் என்றால் பெரிய கிளாக்கருக்கே பூட்டு விழும். எனவே புரோகிராமை நிறுவும்போதே அட்மின் உரிமையோடு ஃபோல்டரையும் பைலையும் உண்டாக்கி, திருத்தும் அனுமதியைப் பெரிய கிளாக்கருக்கு மட்டும் கொடுங்கள்.

வாசிக்கும் ஒழுங்கு: புரோகிராமுக்குள் உள்ள இயல்பு மதிப்பு, பிறகு தோட்டத்துப் பைல், கடைசியில் ஆளுடைய பைல். பின்னால் வருவது முன்னையதை மேவும். அப்படியென்றால் உதவியாளர் தன் பைலில் நாட்சம்பளம் என்றொரு வரி சேர்த்தால் அதுவும் மேவிவிடுமே? மேவக்கூடியவை எவை என்று புரோகிராமிலேயே பட்டியலிட்டு, மற்றதைத் தள்ளிவிடுங்கள். ஆளுடைய பைலில் அவர் மாற்றியதை மட்டும் எழுதுங்கள். முழுவதையும் கொட்டினால், நீங்கள் பின்னர் இயல்பு மதிப்பை மாற்றினாலும் அவரிடம் பழையதே தங்கும்.

மழைக்காலத்தில் எழுதும் நடுவே கரண்ட் போனால் பைல் பாதியில் நிற்கும். அதே ஃபோல்டரில் தற்காலிகப் பைலாக முழுதும் எழுதிவிட்டு, பிறகு பழையதன் பெயருக்கு மாற்றுங்கள்.

கேள்வி: பாடசாலைக் கணினி அறையில் உபுண்டு (லினக்ஸ்). நாங்கள் செய்த வினாவிடைப் புரோகிராமின் பொது அமைப்புகளை எங்கே வைப்பது? சர்வரின் கடவுச்சொல்லும் அதில் இருக்கிறது.
- ஆசிரியை, பண்டாரவளை

பதில்: பொது அமைப்பு 'இடிசி' (/etc) ஃபோல்டரில்: உரிமை ரூட் என்னும் நிர்வாகிக் கணக்குக்கு, அனுமதி 644 (உரியவர் திருத்தலாம், மற்றவர் வாசிக்க மட்டும்). மாணவரின் சொந்த விருப்பங்கள் அவரவர் ஹோமில் 'டாட் கன்ஃபிக்' (.config) உள்ளே. கடவுச்சொல்லை இரண்டிலும் வைக்காதீர்கள், டீச்சர். அனுமதியை 600 (உரியவருக்கு மட்டும்) ஆக்கினால் மாணவர் கணக்கில் ஓடும் புரோகிராமாலும் அதை வாசிக்க முடியாது. புரோகிராம் வாசிக்கும்படி விட்டால் மாணவரும் வாசிப்பார். மாணவருக்கென்று சர்வரில் குறைந்த உரிமையுள்ள தனிக் கணக்குகள் திறந்து கொடுங்கள்.