20 அடி ஃபைபர் படகு, 9.9 குதிரைசக்தி அவுட்போர்டு (பின்பலகையில் மாட்டும் இன்ஜின்): எவ்வளவு உயரத்தில் மாட்டுவது, எந்தப் புரொப்பல்லர் போடுவது?

நீங்கள் கேட்டது இது: தனியாகப் போனால் படகு நன்றாகப் போகிறது, மூன்று பேரும் வலையும் ஐஸ் பெட்டியும் ஏறினால் இன்ஜின் மட்டும் கத்துகிறது, படகு நகர்வதில்லை, கடையில் பிட்ச் கூடிய (ஒரு சுற்றுக்கு அதிக தூரம் தள்ளும்) புரொப்பல்லர் போடச் சொல்கிறார்கள், வாங்கலாமா? இப்போது வாங்காதீர்கள். முதலில் இன்ஜின் எந்த உயரத்தில் நிற்கிறது என்று அளந்து பாருங்கள். அதை அளக்காமல் எந்தப் புரொப்பல்லர் போட்டாலும் காசு தண்ணீரில் போகும். நான் அப்படிப் போட்டவன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் முத்துப்பேட்டைப் பக்கம். கோரையாற்றில் கிளம்பி அலையாத்திக் காட்டைத் தாண்டி லகூன் வழியாகக் கடலுக்குப் போய் வருகிற படகு என்னுடையது. லகூனில் பல இடங்களில் இடுப்பளவுதான் தண்ணீர், அடியில் சேறு. புரொப்பல்லர் சேற்றில் இடிக்கிறதே என்று, பின்பலகையின் மேல் மரச்சட்டம் வைத்து இன்ஜினை இரண்டரை அங்குலம் தூக்கி மாட்டினேன். ஆற்றுக்குள் ஒரு குறையும் தெரியவில்லை. முகத்துவாரம் தாண்டி வாடைக்காற்றில் அலை எழும்பியதும் ஒவ்வொரு அலைக்கும் இன்ஜின் வீறிட்டது. பிட்ச் கூட்டினால் சத்தம் அடங்கும் என்று ஒருவர் சொன்னார், வாங்கிப் போட்டேன், சத்தம் கொஞ்சம் அடங்கியது, படகு முன்பைவிட மந்தமானது. அதே வாரம் நடுவழியில் இன்ஜின் பக்கத்திலிருந்து பீய்ச்சும் தண்ணீர் நின்றுவிட்டது. கழற்றிப் பார்த்தால் கூலிங் பம்பில் தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரம், இம்பெல்லர், கருகிக் கிடந்தது. கூலிங் தண்ணீர் உறிஞ்சும் வாய் கீழேதான் இருக்கிறது. இன்ஜினை அளவுக்கு மேல் தூக்கினால் அது தண்ணீரோடு காற்றையும் சேர்த்து இழுக்கும்.

சரி, அளப்பது எப்படி? படகைக் கரையில் ஏற்றி இன்ஜினை நேர் செங்குத்தாக நிறுத்துங்கள். புரொப்பல்லருக்கு மேலே கிடையாக ஒரு தட்டு இருக்கும், நம் ஊரில் கேவிட்டேஷன் பிளேட் என்பார்கள். வளையாத நீளச் சட்டம் ஒன்றைப் படகின் அடிப்பாகத்தோடு ஒட்டிப் பிடித்து, தட்டு வரைக்கும் பின்னால் நீட்டுங்கள். சுமை ஏற்றி மெதுவாகப் போகும் படகுக்குத் தட்டு அந்தச் சட்டத்துக்கு ஒரு அங்குலம் கீழே இருப்பது நல்லது. தண்ணீரின் மேல் எழும்பி வழுக்கிப் போகும் லேசான படகென்றால் சட்டத்தோடு சமமாக இருக்கலாம், அரை அங்குலம் மேலே போனாலும் ஓடும். உங்கள் படகு சுமையோடு அப்படி எழும்பாது, 9.9-க்கு அவ்வளவு பலம் கிடையாது. அப்புறம் ஷாஃப்ட் நீளம், அதாவது இன்ஜினின் கால் எவ்வளவு கீழே இறங்குகிறது என்பது. ஷார்ட் ஷாஃப்ட் 15 அங்குலம், லாங் ஷாஃப்ட் 20 அங்குலம் என்று பொதுவாக வரும். பின்பலகை 20 அங்குல உயரம் இருக்கிற படகில் பழைய ஷார்ட் ஷாஃப்ட் இன்ஜின் மாட்டியிருந்தால் எந்தப் புரொப்பல்லராலும் அதைச் சரிசெய்ய முடியாது, பலகையை வெட்டி இறக்க வேண்டியதுதான்.

ஏராவையும், அதாவது படகின் அடியில் நடுவே நீளமாக ஓடும் முதுகெலும்புக் கட்டையையும் பாருங்கள். பல ஃபைபர் படகுகளில் ஏரா பின்பலகை வரை முழுக் கனத்தோடு வந்து மொட்டையாக முடியும். அது தண்ணீரைக் கலக்கி, நுரையை நேராகப் புரொப்பல்லர் மேல் கொண்டுவந்து விடும். கடைசி ஒன்றரை அடியைச் சாய்வாகச் செதுக்கி மறுபடி ஃபைபர் பூசிய பிறகுதான் என் படகில் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

கத்துவதற்கு உண்மையான காரணம் காற்று. தண்ணீரின் மேல்மட்டத்திலிருந்து காற்று இறங்கிப் பிளேடைச் சூழ்ந்துகொண்டால் பிடிமானம் போய்விடும், சுற்று சட்டென்று எகிறும், வேகம் விழும், ஆக்சிலேட்டரைக் குறைத்தால் மறுபடி பிடிக்கும். இதைத்தான் எல்லாரும் கேவிட்டேஷன் என்கிறார்கள். ஆனால் கேவிட்டேஷன் வேறு: பிளேடின் ஒரு பக்கம் அழுத்தம் மிகக் குறைந்து தண்ணீரே ஆவிக் குமிழியாக மாறுவது. அது பிளேடில் சின்னச் சின்னக் குழிகளை அரித்து வைக்கும். உங்களுக்கு நடப்பது காற்று இழுப்பது என்றே நினைக்கிறேன், ஆனால் இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள். புரொப்பல்லருக்கு நடுவில் இருக்கும் ரப்பர் புஷ் நழுவினாலும் இதே மாதிரிதான் கத்தும், அதுவும் சுமை ஏறும்போதுதான். உள் வளையத்தையும் வெளிப்பகுதியையும் சேர்த்துப் பெயிண்டால் ஒரு கோடு போட்டு ஒரு சுற்றுப் போய் வாருங்கள். கோடு விலகியிருந்தால் புஷ் போய்விட்டது, உயரத்தை மாற்றிப் பயனில்லை.

உயரம் சரியான பிறகுதான் புரொப்பல்லர். அதில் குத்தியிருக்கும் எண்ணைப் பாருங்கள், 9¼ × 9 என்பது போல இருக்கும். முதல் எண் விட்டம், அடுத்தது பிட்ச், இரண்டும் அங்குலத்தில். பிட்ச் என்பது, வழுக்கல் இல்லாவிட்டால், ஒரு சுற்றுக்குப் புரொப்பல்லர் முன்னேறும் தூரம். கணக்குப் போட்டுப் பாருங்களேன்: இன்ஜின் 5500 சுற்று, கியர் விகிதம் 2.08 என்று வைத்துக்கொண்டால் புரொப்பல்லர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2640 முறை சுற்றும். 10 அங்குல பிட்ச் என்றால் அது மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்துக்கான புரொப்பல்லர். தண்ணீர்மட்டத்தில் 18 அடி நீளம் உள்ள படகு சுமையோடு மணிக்கு 10, 11 கிலோமீட்டரைத் தொட்டதும் தன் அலையிலேயே மாட்டிக்கொள்ளும். அந்தப் படகுக்கு எதற்கு 40 கிலோமீட்டர் பிட்ச்? நமக்கு வேண்டியது தள்ளும் பலம். அதனால் கியர் பாக்ஸில் இடம் இருக்கும் அளவுக்கு விட்டம் பெரிதாகவும், பிட்ச் சின்னதாகவும் எடுக்க வேண்டும். கடையில் உங்களுக்குச் சொன்னதற்கு நேர் எதிர்.

எவ்வளவு சின்னது என்பதை இன்ஜினின் சுற்றுதான் சொல்லும். பிளக் ஒயரில் சுற்றிக்கொள்கிற சின்ன டேக்கோமீட்டர் கிடைக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள். வழக்கமான சுமையோடு, ஆழமான தண்ணீரில், முழு ஆக்சிலேட்டரில் எத்தனை சுற்று என்று பாருங்கள். லகூனுக்குள் பார்க்காதீர்கள், ஆழம் குறைந்த இடத்தில் படகு இழுபட்டுத் தப்பான எண் காட்டும். பல ஃபோர் ஸ்ட்ரோக் 9.9 இன்ஜின்களுக்கு 5000 முதல் 6000 வரை என்று கையேட்டில் இருக்கும், உங்களுடையதில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே நின்றால் பிட்சைக் குறையுங்கள், ஒரு அங்குலம் குறைத்தால் ஏறத்தாழ 200 சுற்று ஏறும். குறைந்த சுற்றில் முக்கிக்கொண்டே ஓடும் இன்ஜின் கரி பிடிக்கும், சூடாகும், எரிபொருளும் அதிகம் குடிக்கும். சத்தம் இல்லை என்பதற்காக அது சுகமாக ஓடுகிறது என்று நினைத்துவிட வேண்டாம்.

நம் பக்கத்துக்கு அலுமினியமே போதும். கஜா புயலுக்குப் பிறகு தண்ணீருக்கடியில் கிடந்த ஒரு அலையாத்திக் கட்டையில் என் புரொப்பல்லர் மோதி பிளேடு மடங்கியது, கியருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருந்திருந்தால் அந்த அடி அப்படியே உள்ளே கியருக்குப் போயிருக்கும். அலையில் அடிக்கடி காற்று இழுக்கிறது என்றால் நாலு பிளேடு புரொப்பல்லர் நன்றாகப் பிடிக்கும், உச்ச வேகம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

ஆழம் இல்லாத இடத்துக்கு இன்ஜினை நிரந்தரமாகத் தூக்கி மாட்டாதீர்கள். ஷாலோ டிரைவ் நிலை (ஆழம் குறைந்த இடத்தில் இன்ஜினைக் கொஞ்சம் சாய்த்து ஓட்டும் நிலை) இருந்தால் அதில் சாய்த்து, மெதுவாக, பீய்ச்சும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே போங்கள். அதுவும் முடியாத இடத்தில் இன்ஜினை அணைத்து முழுக்கத் தூக்கிவிட்டுக் கழி ஊன்றுங்கள். மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் பக்கம் போகிறவர்களுக்கு இதை நான் கெஞ்சியே சொல்வேன். அங்கே கடல்தாழை (கடலடியில் வளரும் புல்) மேட்டில் புரொப்பல்லரை ஓட்டினால் தாழை வேரோடு பிய்ந்துவிடும், பிய்ந்த கோடு மறுபடி மூட வருடக்கணக்கில் ஆகும். கடல் பசுவுக்கு அந்தத் தாழைதான் சோறு. 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை அதற்கான காப்பகமாக அறிவித்ததும் அதனால்தான். நம் இறாலும் நண்டும் குஞ்சாக வளர்வதும் அந்த மேட்டில்தானே.

அளந்து முடித்ததும் மூன்று எண்களை இங்கே எழுதுங்கள்: தட்டு சட்டத்துக்கு எத்தனை அங்குலம் மேலே அல்லது கீழே, புரொப்பல்லரில் குத்தியிருக்கும் எண், சுமையோடு முழு ஆக்சிலேட்டரில் வந்த சுற்று. பிட்ச் எவ்வளவு குறைக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.