வாசம் தெரிந்தாலும் நடுக்குவாதம் இருக்குமா? வாசகர் கேள்விகளுக்கு நரம்பியல் மருத்துவர் பதில்

அப்பாவுக்கு நடுக்குவாதம் (பார்க்கின்சன் நோய்). கை நடுங்க ஆரம்பிப்பதற்குப் பல வருஷம் முன்பே, மஞ்சள் வேகவைக்கும் வாசம்கூட அவருக்குத் தெரியவில்லை. இப்போது எனக்கும் மூக்கு மந்தம். எனக்கும் வருமா? (பவானி வாசகி)

அப்பா விஷயத்தில் நீங்கள் கவனித்தது சரிதான். இந்த நோய் பலருக்கு மூக்கைத்தான் முதலில் தொடுகிறது. ஆனால் மூக்கு மந்தமாகச் சளி, சைனஸ், மூக்கில் சதை, கொரோனா, தலையில் அடி, வயது என்று எத்தனையோ காரணம் உண்டு. அதோடு, நடுக்குவாதம் பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை. முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

தம்பிக்கு 32 வயது. நடுக்குவாதத்தோடு தொடர்புள்ள பார்க்கின் என்ற மரபணுவில் கோளாறு என்று ரிப்போர்ட். ஆனால் செக்கு எண்ணெய் வாசத்தை வாசலிலேயே சொல்லிவிடுகிறான். ரிப்போர்ட் தப்பா? பெற்றோர் அத்தை மகன், மாமன் மகள். (உடுமலை வாசகர்)

வாசம் தெரிவதை வைத்து ரிப்போர்ட்டைச் சந்தேகிக்காதீர்கள். 1998-ல் ஜப்பானியர் கண்டறிந்த இந்த மரபணு வகையில், இளவயதிலேயே நோய் வரும். மோப்பம் பெரும்பாலும் கெடாது. வழக்கமான நடுக்குவாதத்தில் ஆல்ஃபா சைநியூக்ளின் என்ற புரதம் மூளையின் மோப்பக் குமிழில் கட்டிகட்டியாகச் சேரும். பார்க்கின் வகையில் பலருக்கு அந்தக் கட்டிகளே இருப்பதில்லை. எல்லா மரபணுவும் இப்படி இல்லை. ஜிபிஏ வகையில் மோப்பம் போவது சகஜம். எல்ஆர்ஆர்கே2 வகையில் சிலருக்குப் போகும், சிலருக்கு நன்றாகவே இருக்கும். அதனால் வாசம் தெரிகிறது என்பதற்காக யாரும் வைத்தியத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

பெற்றோர் இருவரிடமும் பார்க்கின் மரபணுவின் பழுதான பிரதி ஒவ்வொன்று இருந்து, இரண்டும் தம்பிக்கு வந்திருக்கின்றன. சொந்தத்தில் கட்டும்போது இதற்கு வாய்ப்புக் கூடுதல்தான். ஆனால் யார் மீதும் பழி போடாதீர்கள்; அவர்களுக்கு இது தெரிந்திருக்க வழியே இல்லை. கூடப்பிறந்த ஒவ்வொருவருக்கும் இரண்டு பிரதியும் வந்திருக்கும் வாய்ப்பு 25 சதவீதம். வீட்டில் அடுத்த கல்யாணம் பேசுவதற்கு முன் மரபணு ஆலோசகரைப் பார்த்துவிடுங்கள். அந்த ஆலோசனையை நான் எந்த மாத்திரைக்கும் குறைவாக நினைப்பதில்லை.

மாத்திரை சாப்பிட்டால் அம்மாவுக்கு வாசம் திரும்புமா? (காங்கயம் வாசகி)

நடுக்குவாதத்துக்குத் தரும் லெவோடோபா மாத்திரை கை கால் இறுக்கத்துக்கு உதவும், மோப்பத்தைத் திருப்பாது. அம்மா தனியாகச் சமைப்பவரா? சமையல் கேஸுக்குச் சொந்த வாசம் கிடையாது. கசிவு தெரியவே மெர்காப்டன் என்ற நாற்றமடிக்கும் பொருளைக் கலக்கிறார்கள், அது அவருக்குத் தெரியாது. கசிவைக் காட்டும் அலாரத்தைச் சிலிண்டர் பக்கத்தில் தரையை ஒட்டி மாட்டுங்கள். இந்த வாயு கீழேதான் தேங்கும். ராத்திரி ரெகுலேட்டரை மூடச் சொல்லுங்கள். மீந்த குழம்பை அவரே மோந்து பார்த்து முடிவு செய்ய விடாதீர்கள்.